தாழி உடையாமல் காப்போம்

வெண்ணெய் திரண்டு வரும் வேளையிலே தாழி உடைந்தாற்போல என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். மூன்று நாள் கண்விழித்துச் செய்த மணவிழாக் கேக்கை மண்டபத்து வாயிலில் வண்டியிலிருந்து இறக்கும்போது, அதன் வெண்ணிறப் பூச்சின் குறுக்கே விரிசல் ஒன்று ஓடியிருக்கக் கண்ட இல்லத்தரசியைப் பார்த்தவர்களுக்கு அப்பழமொழியின் பொருள் நன்கு விளங்கும். கேக் கெட்டுவிடவில்லை, சுவையும் குன்றவில்லை. ஆயினும் நூறு பேர் முன்னிலையில் வைக்கப்பட வேண்டிய பொருளின் முகத்திலே வடு விழுந்துவிட்டது. அதைச் செய்தவளின் முகமோ அதைவிட வாடிவிடுகிறது.

பங்குக் குரு ஒருவர் எழுத வேண்டிய பொருள் இதுவா என்று வாசக நேயர்கள் வியக்கலாம். நம் பங்குகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். கணவனை இழந்த தாய்மார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தபடியே நாலு காசு தேட முயலும் இளம் மனைவியர், படித்தும் வேலை கிட்டாத பெண்கள் எனப் பலர், இன்று ஓவன் ஒன்றை வாங்கி வைத்துக் கேக் செய்து விற்று வருகின்றனர். திருமணம், புதுநன்மை, உறுதிபூசுதல், குருப்பட்ட வெள்ளி விழா என்று நம் குடும்பங்களின் மகிழ்ச்சி நாள்களில் எல்லாம் அவர்கள் கைபட்ட கேக் நடுமேசையில் வீற்றிருக்கிறது. அது வீட்டிலிருந்து மண்டபம் வரை பழுதின்றிச் சேர்வதைப் பொறுத்தே அவர்களுக்கு அடுத்த மாத அரிசியும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அமைகின்றன. எனவே, கைதேர்ந்த சகோதரிகளிடம் கேட்டறிந்தவற்றையும் நூல்களில் கற்றவற்றையும் தொகுத்து இங்கே வழங்குகின்றோம்.

நம்மவர்க்கு இதில் ஒரு தனித் தொல்லையும் உண்டு. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் மணவிழாக்களைத் தவிர்ப்பது நம் வழக்கம். ஆகவே உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் திருமணங்கள் வரிசை கட்டி வருகின்றன. அதுவோ சித்திரையும் வைகாசியும். வெயில் கொளுத்தும் மாதங்கள். பள்ளி விடுமுறையை ஒட்டிப் புதுநன்மை வழங்கும் பங்குகளும் பல. வெண்ணெயையும் சர்க்கரையையும் கொண்டு கட்டிய கோபுரத்தை 40 டிகிரி வெயிலில் ஊர் விட்டு ஊர் கொண்டு செல்லும் வேலை, குளிர்நாட்டார் அறியாத வேலை!

கேக் நம்மிடம் வந்த வழி

கேக் நம் நாட்டில் முளைத்த பயிரன்று. மலபார்க் கரையிலே தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்னும் ரொட்டிக் கடைக்காரர், மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்கிணங்க 1883-ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைச் செய்து கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. நம் மண்ணில் உருவான முதற் கிறிஸ்துமஸ் கேக் என்று அதனைப் பெருமையுடன் குறிப்பிடுவர். அதன்பின் ரொட்டிக் கடைகளின் வழியாகவும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வழியாகவும், கன்னியர் மடப் பள்ளிகளின் மனையியல் வகுப்புகள் வழியாகவும் இக்கலை நம் வீடுகளுக்குள் புகுந்தது.

மணவிழாக் கேக்கை மலைபோல் அடுக்கும் வழக்கம் இங்கிலாந்தின் அரச குடும்பத்தாரிடமிருந்து பரவியது. 1947-ஆம் ஆண்டு நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு மெக்விட்டி அண்டு பிரைஸ் நிறுவனத்தார் செய்த கேக், நான்கு அடுக்குகளும் 9 அடி உயரமும் 500 பவுண்டு எடையும் கொண்டது. போருக்குப் பின் பங்கீட்டு முறை நிலவிய காலமாதலால், அதற்குரிய பொருள்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து வந்தன. அத்தகைய கேக்குகளின் மேற்பூச்சு கல்லைப் போல் இறுகிவிடும். அப்பூச்சுக்கே ‘ராயல் ஐசிங்’ என்று பெயர்.

விரிசல் ஏன் விழுகிறது?

நோயின் காரணம் தெரிந்தால் மருந்து தானே தெரியும். பூச்சில் விரிசல் விழுவதற்கு முதன்மையான காரணங்கள் ஐந்து.

முதலாவது, அடிப்பலகை வளைதல். கேக்கைத் தூக்கும்போது அடியிலுள்ள அட்டை ஒரு நூலிழையளவு வளைந்தாலும், மேலே இறுகியிருக்கும் பூச்சு அவ்வளைவைத் தாங்காமல் பிளக்கிறது. பத்து விரிசல்களில் பெரும்பாலானவை இதனால் விழுபவையே என்று அனுபவசாலிகள் கூறுவர்.

இரண்டாவது, கேக் அமிழ்தல். இரு தட்டுகளுக்கு நடுவே கிரீம் வைத்து உடனே மேற்பூச்சுப் பூசிவிட்டால், பிறகு கேக் தன் எடையாலேயே சற்று அமிழ்கிறது. நடுவிலுள்ள கிரீம் பக்கவாட்டில் பிதுங்கிப் பூச்சைத் தள்ளுகிறது.

மூன்றாவது, பூச்சு உலர்தல். சர்க்கரைப் பசையைக் காற்றில் திறந்து வைத்தால் மேற்பரப்பு யானைத் தோல் போலச் சுருக்கம் விழுந்து காய்ந்துவிடும்.

நான்காவது, வெப்பநிலை திடீரென மாறுதல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கை உடனே வெயிலுக்குக் கொண்டுவந்தால், உள்ளும் புறமும் ஒரே சீராக வெப்பமடைவதில்லை. ஒரு பகுதி இறுக்கமாகவும் ஒரு பகுதி இளக்கமாகவும் இருக்கையில் பூச்சு இழுபடுகிறது.

ஐந்தாவது, வழியில் நேரும் குலுக்கலும் சாய்வும். இதனை விளக்க வேண்டிய தேவையே இல்லை. நம் ஊர்ச் சாலைகள் நன்கு விளக்கும்.

பூச்சுக்குத் தகுந்த பக்குவம்

எல்லாப் பூச்சும் ஒரே குணம் உடையவையல்ல. தன் கையிலிருப்பது எவ்வகை என்று அறிந்தே பக்குவம் பார்க்க வேண்டும்.

ராயல் ஐசிங் என்பது முட்டையின் வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்தது. பிளம் கேக்கின்மீது பாதாம் பசையோ முந்திரிப் பசையோ போர்த்தி, அது ஓரிரு நாள் உலர்ந்த பின்னரே இதனைப் பூச வேண்டும். அரை கிலோ சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்த்தால் பூச்சு கல்லாக இறுகாமல், கத்திக்கும் பல்லுக்கும் இணங்கும் பக்குவத்தில் நிற்கும். எளிதில் பிளக்கவும் செய்யாது. பச்சை முட்டை வெள்ளைக்கருவில் நோய்க்கிருமி இருக்கக்கூடுமாதலால், கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய வெள்ளைக்கருப் பொடியைப் பயன்படுத்துவதே குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் முதியோர்க்கும் நலம் பயக்கும். இவ்வகைக் கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்தலாகாது; ஈரம் பட்டு இளகிவிடும்.

ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரைப் பசையைச் சப்பாத்தி போல் தேய்த்துக் கேக்கின்மேல் போர்த்துவர். இதனை மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பதே முறை. அதைவிட மெல்லியதாயின் ஓரங்களிலே கிழியும். மிகத் தடித்தால் தன் எடையாலேயே இழுபட்டுத் தொங்கும். தேய்க்கும்போது ஒட்டாமலிருக்கச் சோளமாவை அள்ளி அள்ளித் தூவுகிறோம் அல்லவா? அம்மாவே பசையின் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்குகிறது. சிறிதளவே தூவுதல் வேண்டும். பசை வறண்டதாகத் தோன்றினால், வெள்ளை வனஸ்பதியைக் கையில் சிறிது தடவிக்கொண்டு நன்கு பிசைந்தால் மீண்டும் இளகி வரும். பயன்படுத்தாத பசையை நொடிப்பொழுதும் திறந்து வைக்காமல் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி வைக்க வேண்டும்.

வெண்ணெய்க் கிரீமின் குணமோ வேறு. குளிரில் இறுகும்; வெப்பத்தில் உருகும். உடலின் சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே வெண்ணெய் முழுதும் உருகத் தொடங்கிவிடுகிறது. குளிரவைத்து இறுகிய நிலையில் கொண்டு செல்வதே சிறப்பு. ஆயினும் அந்நிலையில் பலகை வளைந்தால் கிரீம் ஓடுபோல் வெடிக்கும் என்பதை மறத்தலாகாது. சர்க்கரையை அளவுக்கு மீறிச் சேர்த்தால் மேலே ஏடு படிந்து, சிறு அசைவிலும் பிளவுபடும். ஒரு கரண்டி பால் சேர்த்துக் குழைத்தால் இக்குறை நீங்கும்.

கோடைக்கு ஏற்றது கனாஷ் எனப்படும் சாக்லேட்டுப் பூச்சே என்பது பலரின் அனுபவம். கருஞ்சாக்லேட் இரண்டு பங்குக்குச் சூடான பாலேடு ஒரு பங்கு என்னும் அளவில் கலந்து ஆறவைத்தால் அது திடமாக நிற்கும். வெள்ளைச் சாக்லேட்டாயின் மூன்று பங்கு தேவை. அதன்மேல் சர்க்கரைப் பசையைப் போர்த்தினால், அடியில் உறுதியான சுவர் கிடைத்தாற்போல் பசை அசையாமல் இருக்கும். நம் அடுமனைகளில் மிகுதியாகப் பூசப்படும் அடித்து நுரைக்கவைத்த கிரீமில் விரிசல் தோன்றுவது அரிது; ஆனால் வெப்பம் பட்டால் சரிந்து வழியும். அதற்குக் குளிர் ஒன்றே காவல்.

எப்பூச்சாயினும், நடுக் கிரீம் வைத்தபின் கேக்கை ஓர் இரவு அமைதியாக இருக்க விடுங்கள். மேலே ஒரு தட்டை லேசான பாரமாக வைத்தல் நலம். அமிழ வேண்டியது அந்த இரவிலேயே அமிழ்ந்துவிடும். மறுநாள் பூசுகின்ற பூச்சு நிலைத்து நிற்கும்.

பாறைமேல் கட்டிய வீடு

மணல்மேல் வீடு கட்டியவனையும் பாறைமேல் கட்டியவனையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கேக்குக்குப் பாறை அதன் அடிப்பலகையே. நூற்றுக்கணக்கில் செலவிட்டு முந்திரியும் வெண்ணெயும் வாங்குகிறவர்கள், பலகையில் சிக்கனம் பார்த்து மெல்லிய அட்டையை வைத்துவிடுகிறார்கள்.

பலகை 12 மில்லிமீட்டர் கனமுள்ளதாக இருத்தல் வேண்டும். கடைகளில் இதற்கென விற்கும் தடித்த அட்டைப் பலகையை வாங்கலாம். அல்லது தச்சரிடம் அதே கனத்தில் பிளைவுட் பலகையை வட்டமாகவோ சதுரமாகவோ அறுத்து வாங்கி, உணவுக்கேற்ற தாளால் முழுதும் போர்த்திக்கொள்ளலாம். கேக்கின் விளிம்பைவிடப் பலகை ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலமாவது அகன்றிருக்கட்டும். கை பிடிக்கவும், பெட்டியின் சுவரில் பூச்சு உரசாமலிருக்கவும் அவ்விடைவெளி உதவும். கேக்கைப் பலகையின்மேல் வைக்குமுன் நடுவே ஒரு கரண்டி ஐசிங்கைத் தடவினால் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும்.

பலகையின் அடியில் அரை அங்குலக் கனமுள்ள மரச்சட்டங்கள் இரண்டை ஒட்டிவிடுங்கள். மேசையிலிருந்து தூக்கும்போது விரல்கள் எளிதாக அடியில் நுழையும். இல்லையேல் ஒரு பக்கத்தை நெம்பித் தூக்க நேரும். அந்த நெம்பலிலேதான் முதல் விரிசல் பிறக்கிறது. தூக்கும்போது விளிம்பைப் பிடியாமல், இரு கைகளையும் பலகையின் அடியில் முழங்கை வரை செலுத்தித் தூக்க வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கேக்காயின் இருவர் சேர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, ஒரே நேரத்தில் தூக்குதல் வேண்டும்.

அடுக்குக் கேக்கை அடுக்காமல் கொண்டு செல்க

மூன்றடுக்குக் கேக்கை வீட்டிலேயே அடுக்கி முடித்து வண்டியில் ஏற்றுவது வீரமாகத் தோன்றலாம், விவேகமாகாது. 2011-ஆம் ஆண்டில் இளவரசர் வில்லியத்தின் திருமணத்துக்கு ஃபியோனா கெய்ர்ன்ஸ் அம்மையார் செய்த எட்டடுக்குக் கேக்கும் பக்கிங்காம் அரண்மனையின் ஓவியக் கூடத்திலேயே அடுக்கி முடிக்கப்பட்டது. அரண்மனைக்கே அந்த முறை என்றால், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் நமக்கு வேறு முறை எதற்கு?

ஒவ்வோர் அடுக்கையும் அதற்குச் சமமான அளவுள்ள அட்டையின்மேல் வைத்துத் தனித்தனிப் பெட்டியில் கொண்டு செல்ல வேண்டும். மண்டபத்துக்குச் சென்றபின், கீழடுக்கினுள் தாங்குகுச்சிகளைச் செருகி அவற்றின்மேல் அடுத்த அடுக்கை வைக்க வேண்டும். குச்சிகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் இன்றியமையாதது. ஒரு குச்சியைக் கேக்கினுள் அடிவரை செருகி, மேற்பரப்பு மட்டத்தில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, அதனையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றை வெட்டிக்கொள்ளலாம். ஒரு குச்சி சற்றே உயர்ந்தாலும் மேலடுக்கு சாய்ந்து, அதன் பாரம் ஒரு பக்கமே விழுந்து பூச்சைப் பிளக்கும். மேலடுக்கு ஆறு அங்குல விட்டமுடையதாயின் நான்கு குச்சிகள் போதும். பெரிதாயின் கூடுதலாக வேண்டும். அடுமனைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் குச்சிகளையே பயன்படுத்துங்கள். எத்தனை குச்சிகள் உள்ளே இருக்கின்றன என்பதை எழுதிக் கேக்கை வெட்டிப் பரிமாறுவோரிடம் கொடுத்துவிட வேண்டும். குழந்தையின் தட்டில் குச்சி போய்விடலாகாது.

வெப்பமும் ஈரமும்

பெட்டியில் வைத்தபின் கேக்கைக் குளிரவைப்பதே நல்ல முறை. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் பெட்டியை உடனே திறந்து பார்க்கும் ஆவல் எல்லார்க்கும் உண்டு. அந்த ஆவலை அடக்க வேண்டும். குளிர்ந்த பொருளின்மேல் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும். பெட்டி மூடியிருந்தால் அத்துளிகள் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்து தொலையும். திறந்திருந்தால் கேக்கின்மேலேயே படிந்து சர்க்கரைப் பசையைப் பிசுபிசுக்கச் செய்யும், வண்ணங்களைக் கரையச் செய்யும். உள்ளிருக்கும் கேக் சுற்றுப்புற வெப்பத்தை அடையும் வரை மூடியே வைத்திருங்கள். வெண்ணெய்க் கிரீமாயின் குளிரூட்டிய அறையிலே இதனைச் செய்தல் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொல்லை வேறுவிதம். சர்க்கரைப் பூக்கள் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிடும். அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியே கொண்டுசென்று, கடைசி நேரத்தில் பொருத்துவதே அறிவுடைமை.

வழிப்பயணம்

கேக்குக்கு வண்டியில் உரிய இடம் இருக்கையன்று. இருக்கைகள் பின்புறம் தாழ்ந்து சரிவாக அமைக்கப்பட்டவை. மடியும் உகந்ததன்று; இரு தொடைகளும் ஒருபோதும் மட்டமாக இரா, உடலின் சூடும் பெட்டிக்கு ஏறும். சமமான தளமுள்ள பின்பெட்டிப் பகுதியோ, முன்னிருக்கையின் கால் வைக்கும் இடமோதான் ஏற்றது. பின்பகுதிக்குக் குளிர்காற்று வராத வண்டிகளில் வெண்ணெய்க் கிரீம் கேக்கை அங்கே வைத்தல் கூடாது. தளத்தின்மேல் வழுக்காத ரப்பர் விரிப்பையிட்டு அதன்மேல் பெட்டியை வைத்தால் திருப்பங்களில் நகராது.

பெட்டி, பலகையின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்; உள்ளே இடமிருந்தால் பலகை ஊசலாடும். மேலிருந்து இறக்கும் பெட்டியைவிட, முன்பக்கச் சுவர் திறந்து உள்ளே தள்ளும் பெட்டியே பாதுகாப்பானது.

புறப்படக் கால் மணி நேரத்துக்கு முன்பே வண்டியின் குளிர்சாதனத்தை இயக்கி உட்புறத்தைக் குளிரச் செய்யுங்கள். குளிர்காற்று நேரே பெட்டியின்மேல் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் உள்ளே வெப்பம் 50 டிகிரிக்கும் மேலே ஏறிவிடும். ஆகவே வழியில் தேநீர் அருந்த நிறுத்தினாலும் கேக்கைத் தனியே விட்டுச் செல்லலாகாது. வேகத்தடையில் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்குமாறும், முன்வண்டிக்குப் பின்னே போதிய இடம் விட்டுச் செல்லுமாறும் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பணிவுடன் சொல்லிவிடுங்கள். அதிகாலையிலே புறப்படுவது எல்லா வகையிலும் நன்று.

வாடகை வண்டிக்கு வசதியில்லாத சகோதரிகள் பலர் உண்டு. இரு சக்கர வண்டியிலும் பேருந்திலும் அலங்கரித்த கேக்கைக் கொண்டு செல்வது இயலாத காரியம். அவர்களுக்கு ஒரு யோசனை: கேக்கை முதற்பூச்சு மட்டும் பூசிய நிலையில் கொண்டுசென்று, இறுதி அலங்காரத்தை மண்டபத்திலேயே செய்யலாம். பங்கு மணவிழாவாயின், மண்டபத்தில் ஒரு மேசையும் மின்விசிறியும் கொண்ட சிற்றறையை இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டால் மறுப்பார் இரார்.

விரிசல் விழுந்தேவிட்டால்

எத்தனை காத்தும் சில வேளை விரிசல் விழும். அதற்கென ஒரு சிறு பை எப்போதும் உடன் வரட்டும். அதே பூச்சு ஒரு கிண்ணம், பிழிவதற்குரிய கூம்புப் பை, சிறு தட்டைக் கத்தி, தூய தூரிகை, உபரியாகச் செய்த சர்க்கரைப் பூக்கள் நான்கைந்து ஆகியவை அதனுள் இருத்தல் வேண்டும்.

ராயல் ஐசிங்கில் மயிரிழை விரிசலாயின், அதே ஐசிங்கை ஒரு சொட்டு நீரில் இளக்கித் தூரிகையால் நிரப்பி, மிகையை வழித்துவிட வேண்டும். சர்க்கரைப் பசையாயின், விரல்நுனியில் சிறிது வனஸ்பதி தொட்டு வட்டமாகத் தேய்த்தால் சிறு வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பெரியவற்றை நீரில் குழைத்த அதே பசையால் அடைக்கலாம். வெண்ணெய்க் கிரீமாயின், கத்தியை வெந்நீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்து, மெல்ல இழுத்தால் பிளவு மறையும். இவற்றுக்கும் அடங்காததாயின் அதன்மேல் ஒரு கொடியைப் பிழிந்து பூவை வைத்துவிடுங்கள். காண்போர் அதுவே அலங்காரம் என்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் மண்டபத்துத் தோரணத்திலிருந்தோ பீடத்து மலர்ச்சாடியிலிருந்தோ பூவைப் பறித்துச் செருகுவாரும் உளர். அரளிப்பூ நஞ்சு, ஊமத்தையும் நஞ்சு. பூக்கடையில் வாங்கும் மலர்களில் பூச்சி மருந்து இருக்கக்கூடும். உண்ணத் தகாத எந்தப் பூவும் கேக்கைத் தீண்டலாகாது.

உறவில் விழும் விரிசல்

இனி, நம் உள்ளத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிப்போம்.

பங்கு ஒன்றில் கைம்பெண் ஒருத்தி மணவிழாக் கேக் ஒன்றுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் பேசி, நாலாயிரம் முன்பணம் பெற்று, சிறப்பாகவே செய்து முடித்தாள். வண்டியை மணவீட்டாரே அனுப்பினர். பலகையோடு தரையில் வைக்குமாறு அவள் வேண்டிக்கொண்டும் கேளாமல், வந்த இளைஞர்கள் இடம் போதாதென்று பின்னிருக்கையில் வைத்து, பக்கத்தில் மூவர் நெருக்கி அமர்ந்து சென்றனர். மண்டபத்தில் இறக்கியபோது கீழடுக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. “வெடித்த கேக்குக்கு முழுப்பணமா?” என்று மீதி ஐயாயிரத்தை நிறுத்திவிட்டனர். வெண்ணெயும் முந்திரியும் கடனாகத் தந்த மளிகைக் கடைக்காரரோ வாசலில் வந்து நின்றார். அவள் எவரிடமும் முறையிடவில்லை. மறுவீட்டுக்கு வந்த மணப்பெண்ணின் காதுக்கு அக்கம்பக்கத்தார் மூலம் செய்தி எட்டியது. அன்று மாலையே அவள் தன் கணவனை அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்று, “அக்கா, எங்கள் கல்யாணம் உங்கள் கண்ணீரோடு தொடங்க வேண்டாம்” என்று சொல்லி மீதிப் பணத்தைக் கையில் கொடுத்தாள். அத்தம்பதியர் தங்கள் இல்லறத்துக்கு இட்ட முதல் கல் அதுவே என்போம்.

கூலியாளின் கூலியை மறுநாள் வரை நிறுத்தி வைக்கலாகாது என்பது மோயீசன் வழியாக இறைவன் தந்த சட்டம். நிறுத்தி வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். 1891-ஆம் ஆண்டில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி விடுத்த ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், நியாயமான ஊதியம் என்பது உழைப்பவனின் உரிமை என்று உலகறிய முழங்கியது. இவை ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். அடுத்த தெருவில் ஓவன் முன் நின்று வியர்க்கும் சகோதரிக்கும் அவை பொருந்தும். மணமண்டப விளக்குக்கும் வாத்தியத்துக்கும் கேட்ட தொகையைக் கொடுக்கும் நாம், அவளிடம் மட்டும் பேரம் பேசுவது எந்த நீதி?

ஆகவே, கேக் சொல்லும்போதே மூன்று செய்திகளை வாயால் பேசி, ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்: கொண்டு சேர்க்கும் பொறுப்பு யாருடையது? வழியில் பழுதுற்றால் இழப்பு யாரைச் சேரும்? மீதிப் பணம் எப்போது தரப்படும்? வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின்படி நீங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தூக்கும் முறையையும் வைக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள். கொடுக்கும்முன் கேக்கின் நிழற்படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாணயமான தொழிலுக்கு இவை அணிகலன்கள்.

மணவீட்டாருக்கோ எம் வேண்டுகோள் இதுவே. வசதிக்கு மேற்பட்ட ஐந்தடுக்குக் கேக்கைக் கடன்பட்டு வரவழைக்க வேண்டாம். ஓரடுக்குக் கேக்கும் அன்போடு பகிர்ந்தால் அனைவர்க்கும் ஆளுக்கொரு துண்டு வரும், கொண்டுவருவதும் எளிது. கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதைத் தேவதாய் எவரையும் பழிக்காமல் தம் மகனிடம் மட்டும் மெல்லச் சொன்னார் அல்லவா? உங்கள் விழாவில் கேக் வெடித்து வந்தால் அந்த அன்னையைப் போல் நடந்துகொள்ளுங்கள். விரிசல் உள்ள பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்து, செய்தவளை முன்னுக்கு அழைத்து, முதல் துண்டை அவள் கையில் கொடுங்கள். மணமக்கள்மீது இறைவனின் ஆசீர் பொழிவதாக!